ஆளில்லா விமானத்தில் ஆள் எங்கே?

2024 செப்டம்பர் மாதம் ஒரு நாள். காலை நடையை முடித்துவிட்டு வழக்கமான டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு தினமும் நடப்பவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊரே அவரை ஹெட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பேப்பரை விரித்தவர், "சார், நம்ம ராஜாளி பிளேன் ஒண்ணு கடல்ல விழுந்திடுச்சாம்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. "எத்தனை பேர் சார் உள்ளே?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லை. ஆளில்லா விமானமாம். மத்தியானம் ரெண்டு மணிக்கு ரோந்து போன இடத்துல ஏதோ கோளாறு, சரி பண்ண முடியலை. சென்னைக்கு அப்பால கடல்லயே இறக்கிட்டாங்களாம். நல்லவேளை!"

கடைக்காரரும் நல்லவேளை என்றார். நானும் சொன்னேன். டீயைக் குடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம். ஆனால் அந்த ஒரு சொல் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது நமக்கு இவ்வளவு பெரிய விஷயமா? அப்படியானால் ஆளை இறக்கிவிட்ட பிறகு விமானம் அனுப்புகிறவர் மனதில் என்ன மாறும், அதைச் சுடுகிறவர் மனதில் என்ன மாறும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்தவன். விமானத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். அரக்கோணத்துக்காரனுக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் 1992 மார்ச் 11 அன்று கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளியாக ஆயிற்று. நம் ஆர். வெங்கட்ராமன் குடியரசுத் தலைவராக இருந்து திறந்து வைத்தார். அன்றிலிருந்து கால் நூற்றாண்டு, டியூ-142 என்ற ரஷ்ய விமானம் நம் தலைக்கு மேல் போய் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாலு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரட்டை விசிறி. அது கிளம்பினால் அலமாரியில் பாத்திரம் ஆடும். உள்ளே பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். 2017 மார்ச்சில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 2013-இல், போயிங் பி-8ஐ வந்துவிட்டது. 2020 கடைசியில் சத்தமே இல்லாமல் வந்து சேர்ந்தவைதான் இந்த ஆளில்லா விமானங்கள்.

கதை தொடங்குவது இங்கே இல்லை. 1950-களின் அமெரிக்காவில்.

அப்போது அமெரிக்காவுக்கு ரஷ்யாவின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எத்தனை குண்டுவீச்சு விமானம், எங்கே ஏவுகணைத் தளம் என்பதெல்லாம் தெரியாமல் பயம் மட்டும் இருந்தது. அதற்காகவே லாக்ஹீட் நிறுவனம் யூ-2 என்ற விமானத்தைக் கட்டியது. 1955 ஆகஸ்ட்டில் முதலில் பறந்தது. 70,000 அடி உயரம். அந்த உயரத்துக்கு ரஷ்யாவின் போர் விமானமோ ஏவுகணையோ அன்றைக்கு எட்டாது.

உயரத்தில் இன்னொரு லாபம், பார்வை. மெரினாவில் நின்று கடலைப் பார்த்தால் அடிவானம் சுமார் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பூமியின் வளைவு அப்படி. 60,000 அடியில் இருந்தால் அதே அடிவானம் சுமார் 480 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போகும். அரக்கோணத்துக்கு மேலே இருந்துகொண்டு மதுரைக்கும் அப்பால் வரை கோடு போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அங்கே போகும் மனிதனின் பாடு பெரும்பாடு. சுமார் 63,000 அடிக்கு மேல் காற்றழுத்தம் எவ்வளவு குறைவு என்றால், உடம்புச் சூட்டிலேயே நீர் கொதித்துவிடும். விண்வெளி வீரர் போல அழுத்த உடை போட்டுக்கொண்டு, தலைக்கவசத்தில் உள்ள துளை வழியாகக் குழாயில் சாப்பிட்டு, எட்டு மணி, பத்து மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து ஓட்ட வேண்டும்.

1960 மே 1 அன்று பிரான்சிஸ் கேரி பவர்ஸ் என்ற விமானி பாகிஸ்தானின் பெஷாவரில் கிளம்பி, ரஷ்யாவைக் குறுக்கே கடந்து நார்வேயில் இறங்குவதாகத் திட்டம். நடுவழியில் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்துக்கு அருகே ரஷ்ய ஏவுகணை அவரை வீழ்த்தியது. விமானி செத்திருப்பார் என்ற நம்பிக்கையில் அமெரிக்கா, அது வானிலை ஆராய்ச்சி விமானம், வழி தவறிவிட்டது என்று அறிக்கை விட்டது. குருஷேவ் சில நாள் பேசாமல் இருந்துவிட்டு, விமானி உயிரோடு எங்கள் கையில் இருக்கிறார் என்று அறிவித்தார். ஐசன்ஹோவருக்கு உலகத்தின் முன்னால் பெரிய தலைகுனிவு. அந்த மாதம் பாரிசில் நடக்க இருந்த உச்சி மாநாடு உடைந்தது. பவர்சுக்குப் பத்து வருடத் தண்டனை விதித்தார்கள். 1962 பிப்ரவரியில் பெர்லின் அருகே ஒரு பாலத்தில், அமெரிக்கச் சிறையிலிருந்த ரஷ்ய உளவாளி ஒருவருக்கு மாற்றாக அவரை விடுவித்தார்கள். அதே வருடம் அக்டோபரில், கியூபா நெருக்கடியின் உச்சத்தில், ருடால்ஃப் ஆண்டர்சன் என்ற விமானி இன்னொரு யூ-2-இல் சுடப்பட்டு இறந்தார். அன்றைக்கு உலகம் அணுப்போரின் வாசலில் நின்றது.

நம் நாட்டுக்கும் இந்த யூ-2-வோடு ஒரு தொடர்பு உண்டு. சீனப் போருக்குப் பிறகு எல்லையில் சீனா என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள நேரு இந்த விமானங்களுக்கு அனுமதி கொடுத்தார். 1964 மே மாதம் ஒடிசாவின் சார்பாத்தியா தளத்திலிருந்து ஒரு யூ-2 பறந்தது. இதெல்லாம் 2013-இல் வெளியான சி.ஐ.ஏ. ஆவணத்தில் வந்த செய்தி. அரை நூற்றாண்டு நமக்குத் தெரியாமலே இருந்தது.

பவர்ஸ் பிடிபட்ட பிறகுதான் ஆளை இறக்கிவிட்டால் என்ன என்ற யோசனை வேகம் பிடித்தது. உயிர் மேல் உள்ள கரிசனம் ஒரு பக்கம். பிடிபடுவதற்கு ஆள் இருக்காது, நீதிமன்றத்தில் நிறுத்த ஆள் இருக்காது என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

சான் டியகோவில் ரயன் என்ற நிறுவனம், பீரங்கிப் பயிற்சியில் சுட்டுப் பழகுவதற்காக ஆளில்லாத சின்ன ஜெட் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதில் காமிராவை வைத்து, பெரிய விமானத்தின் இறக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டு போய் நடுவானில் விட்டார்கள். போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பாராசூட்டில் இறங்கும். ஹெலிகாப்டர் அதை அந்தரத்திலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். 1964 முதல் 1975 வரை சீனாவின் மேலும் வியட்நாமின் மேலும் 3,400 முறைக்கு மேல் அனுப்பினார்கள். 1964 நவம்பரில் சீனா ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, ஆளில்லா உளவு விமானத்தை வீழ்த்தினோம் என்று அறிவித்தது. நாலு வருடத்துக்கு முன் பவர்ஸ் விழுந்தபோது உச்சி மாநாடே நின்றது. இப்போது ஒன்றும் நடக்கவில்லை. இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு யாரை விசாரிப்பது?

இந்தச் சின்ன ஜெட்டுகளால் பல மணி நேரம் ஒரே இடத்தைச் சுற்ற முடியாது. செயற்கைக்கோளாலும் அது முடியாது. 1960 ஆகஸ்ட்டிலேயே அமெரிக்கா செயற்கைக்கோளிலிருந்து படச்சுருளை வெற்றிகரமாக மீட்டுவிட்டது. ஆனால் அது சொன்ன நேரத்துக்கு வந்து சில நிமிடங்களில் கடந்து போய்விடும். ரயில்வேயில் சொல்வதானால், செயற்கைக்கோள் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ். வேண்டியது, ஸ்டேஷனிலேயே நின்று ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள். உயரத்தில், நீண்ட நேரம்.

1970-களிலேயே அதற்கு முயற்சி நடந்தது. ரயன் செய்த ஒரு மாதிரி 1974-இல் 28 மணி நேரம் தொடர்ந்து பறந்தது. 1988-இல் போயிங் 'காண்டோர்' என்ற ஒன்றைப் பறக்கவிட்டது. அதன் இறக்கை விரிவு 200 அடி, எட்டிய உயரம் 67,000 அடி. இரண்டுமே உற்பத்திக்குப் போகவில்லை. விமானம் கட்டத் தெரிந்திருந்தது, அதற்கு எங்கிருக்கிறோம் என்று சொல்லவும், எடுத்த படத்தை உடனே கீழே அனுப்பவும் வழி முழுதாக இல்லை. ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள் வழித் தொடர்பு, சின்னதாகச் சுருங்கிய கணினி ஆகிய மூன்றும் கைகூடிய பிறகுதான் காரியம் நடந்தது.

அந்தக் காரியத்தின் பெயர் 'குளோபல் ஹாக்'. ஹாக் என்றால் ராஜாளி இனப் பறவை, நம்மூர்த் தளத்தின் பெயரேதான். 1995-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு இந்த வேலையை அதே ரயன் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அவர்கள் போட்ட நிபந்தனை வேடிக்கையானது. இவ்வளவு உயரம், இவ்வளவு தூரம் என்பதெல்லாம் முன்னே பின்னே இருக்கலாம், விலை மட்டும் ஒன்று 1 கோடி டாலரைத் தாண்டக் கூடாது என்றார்கள். 1998 பிப்ரவரி 28 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலிருந்து முதல் முறை எழும்பியது. 56 நிமிடம் பறந்து இறங்கியது.

அதன் வடிவத்தைப் பார்த்தால் எதற்காகப் பிறந்தது என்று புரியும். 60,000 அடியில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் காற்றில் மிதக்க நீளமான, ஒல்லியான இறக்கை வேண்டும். பின்னால் வந்த பெரிய மாதிரியின் இறக்கை விரிவு 39.9 மீட்டர். நம் ராஜாளியில் நிற்கும் பி-8ஐ, பயணிகள் விமானமான போயிங் 737-இன் வம்சம். அதன் இறக்கையே 37.6 மீட்டர்தான். ஆனால் குளோபல் ஹாக்கின் உடம்பு நீளம் வெறும் 14.5 மீட்டர், ஒரு ரயில் பெட்டியை விடச் சின்னது. கிளம்பும்போது எடை 14.6 டன், அதில் பாதிக்கு மேல் எரிபொருள். முதுகில் ஒரே ஒரு ஜெட் இன்ஜின், சின்ன பயணிகள் விமானங்களில் இருக்கும் அதே குடும்பம். வால் 'வி' எழுத்துப் போல.

விமானி உட்காரும் இடத்தில் மூக்கு மட்டும் புடைத்திருக்கும். கண் இல்லாத திமிங்கலம் மாதிரி முகம். அந்தப் புடைப்புக்குள் இருப்பது செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கும் 1.2 மீட்டர் அகலத் தட்டு ஆன்டெனா. மனிதனுக்குக் கொடுத்திருந்த இடத்தை ஆன்டெனாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வயிற்றில் காமிரா, வெப்பத்தைப் பார்க்கும் கருவி, மேகத்தையும் புழுதியையும் ஊடுருவிப் பார்க்கும் ராடார். 2008-இல் ஒரு குளோபல் ஹாக் 33 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறந்தது. எந்த விமானிக்கும் எளிதல்லாத காரியம்.

இதை ஓட்டுகிறவர் எங்கே? கலிபோர்னியாவின் பீல் தளத்தில், ஏ.சி. அறையில். கையில் ஸ்டியரிங் போன்ற கோல் எதுவும் கிடையாது. விசைப்பலகையும் மவுசும்தான். வழியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், விமானம் தானே ஓடும், தானே இறங்கும். கிளப்புவதற்கும் இறக்குவதற்கும் அந்தந்தத் தளத்தில் வேறொரு குழு. ஷிப்ட் மாறும்போது அடுத்தவர் வந்து உட்காருவார். விமானம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பறந்துகொண்டிருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் சிக்னல் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கைகாட்டி மரத்தில் கம்பி அறுந்துவிட்டால், எடைக்கல்லின் கனத்தால் கை தானாக 'ஆபத்து' நிலைக்கு வந்துவிடும். பிறகு வந்த மின்சார முறையிலும் அப்படித்தான். கரண்ட் போனால், ஒயர் அறுந்தால், ரிலே விழும், சிவப்பு எரியும். கோளாறு என்றால் வண்டி நிற்க வேண்டும், நின்றுவிட்டால் எல்லோரும் பிழைத்தார்கள் என்பதுதான் நாங்கள் படித்த முதல் பாடம். விமானத்தில் அது செல்லாது. நின்றால் விழும். ஆகவே தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நேரம் பார், தொடர்பு வராவிட்டால் இந்த வழியாகத் திரும்பி இந்தத் தளத்தில் இறங்கு என்று அதற்கே தெரியும். சோதனைக் காலத்தில் இன்னொன்றும் வைத்திருந்தார்கள். ஊருக்குள் போய்விடும் போலிருந்தால் அதையே வீழ்த்திவிடும் கட்டளை.

1999 மார்ச் 29 அன்று இரண்டாவது குளோபல் ஹாக் கலிபோர்னியாவில் சோதனைப் பறப்பில் இருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. பக்கத்து மாநிலத்தில் நெல்லிஸ் தளத்தில் வேறு யாரோ வேறு ஒரு வேலைக்காக அந்த வீழ்த்தும் கட்டளையைச் சோதித்துப் பார்த்தார்கள். அலைவரிசை ஒன்று. இங்கே 40,000 அடி உயரத்தில் பறந்தது அதைத் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொண்டு, சொன்னபடி தரையில் போய் மோதியது. அப்போது கைவசமிருந்த ஒரே முழுமையான உளவுக் கருவித் தொகுப்பும் அதோடு போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த ஸ்டேஷன்காரர் தன் லீவரை இழுக்க, நம் ஸ்டேஷனில் சிக்னல் விழுந்த மாதிரி.

அதே வருடம் டிசம்பரில் இன்னொன்று. மூன்றாவது விமானம் ஒழுங்காக இறங்கியது. ஓடுபாதையில் மெதுவாக உருண்டு போக வேண்டிய இடத்தில், எழுதிக் கொடுத்த திட்டத்தில் வேகம் 155 நாட் என்று பதிவாகியிருந்தது. மணிக்குச் சுமார் 287 கிலோமீட்டர். அதுவும் கீழ்ப்படிந்தது. பாதையை விட்டு ஓடி மூக்குச் சக்கரம் முறிந்தது. உள்ளே ஒரு கற்றுக்குட்டி விமானி இருந்திருந்தாலும் இந்த உத்தரவைச் செய்திருக்க மாட்டார். இரண்டு முறையும் நல்லவேளைதான், யாரும் இறக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் காரணம் தரையில் உட்கார்ந்திருந்த மனிதர்களின் கைதான்.

இவற்றைத் தாண்டி அது தேறியது. 2001 ஏப்ரலில் எட்வர்ட்ஸில் கிளம்பி, பசிபிக் கடலைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் அருகே இறங்கியது. 13,000 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் நிற்காமல், ஏறக்குறைய ஒரு முழு நாள். அந்த வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தான், 2003-இல் இராக். அது குண்டு போடாது. ஆனால் குண்டு போடுகிறவர்களுக்கு எங்கே போட வேண்டும் என்று சொல்லும்.

நல்ல காரியத்துக்கும் போயிருக்கிறது. 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்து ஃபுகுஷிமா அணு உலை உருகியபோது, கதிர்வீச்சு பயத்தால் மனிதர்கள் கிட்டே போக முடியவில்லை. குவாம் தீவிலிருந்து குளோபல் ஹாக் போய், உலைகளின் வெப்பத்தைப் படம் எடுத்துக் கொடுத்தது. ஆரம்பத்தில் செய்த இரண்டு விமானங்களை நாசா வாங்கி, புயல்களுக்கு மேலே மணிக்கணக்கில் சுற்றவிட்டு ஆராய்ந்தது. இங்கெல்லாம் 'உள்ளே ஆள் இல்லை' என்பது முழுக்க முழுக்க வரம்தான்.

விலைதான் கைமீறியது. 1 கோடி டாலர் என்று தொடங்கியது, ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒன்று 20 கோடி டாலருக்கு மேல் போயிற்று. 2012-இல் அமெரிக்க விமானப்படை, இதில் ஒரு பகுதியை நிறுத்திவிட்டுப் பழைய யூ-2-வையே வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னது. நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வு கொடுத்து அனுப்ப நினைத்த கிழவரை, புதுப் பையனை விட நீரே தேவலை என்று கூப்பிட்ட கதை. நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம். ஜெர்மனி தன் பங்குக்கு 2013-இல் இந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆள் இல்லாத விமானம் பயணிகள் விமானங்களுக்கு நடுவே பறக்கும்போது எதிரே வருவதைப் பார்த்து ஒதுங்குமா என்ற கேள்விக்கு, சான்றிதழ் கொடுக்கும்படியான பதில் கிடைக்கவில்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 2019 ஜூன் 20 அன்று ஹோர்முஸ் நீரிணைக்கு அருகே, அமெரிக்கக் கடற்படையின் குளோபல் ஹாக் ஒன்றை ஈரான் ஏவுகணையால் சுட்டு வீழ்த்தியது. எங்கள் எல்லைக்குள் வந்தது என்றது ஈரான், சர்வதேச வானத்தில்தான் இருந்தது என்றது அமெரிக்கா. அருகிலேயே 35 பேரோடு ஒரு பி-8 விமானமும் வந்தது, அதைச் சுட்டிருக்கலாம், வேண்டுமென்றே விட்டுவிட்டோம் என்று ஈரானியத் தளபதி சொன்னார். நம் ராஜாளியில் நிற்கும் அதே ரக விமானம். பதிலடிக்கு அமெரிக்கப் படை தயாராகிவிட்டது. கடைசி நேரத்தில் அதிபர் டிரம்ப் நிறுத்தினார். 150 பேர் வரை இறக்கலாம் என்று சொன்னார்கள், ஆளில்லாத விமானத்தை வீழ்த்தியதற்கு அது தகாது என்று அவரே காரணமும் சொன்னார்.

அதாவது, ஆள் இல்லை என்பதால் ஈரான் துணிந்து சுட்டது. ஆள் இல்லை என்பதால் அமெரிக்கா அடிக்காமல் நிறுத்தியது. 1960-இல் ஒரு விமானி உயிரோடு பிடிபட்டு மாநாடு உடைந்தது. 2019-இல் விமானி இல்லாததால் ஒரு போர் நின்றது. ஹெட்மாஸ்டர் சொன்ன நல்லவேளைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று முதலில் தோன்றியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஆறு மாதம் கழித்து, 2020 ஜனவரி 3 அன்று, ஈரானின் தளபதி காசிம் சுலைமானியை பாக்தாத் விமான நிலையத்துக்கு அருகே அமெரிக்கா கொன்றது. கொன்றதும் ஓர் ஆளில்லா விமானம்தான். குளோபல் ஹாக் அல்ல, அதைவிடத் தாழப் பறந்து ஆயுதமும் ஏந்தும் 'ரீப்பர்'. ஈரான் பதிலுக்கு ஏவுகணை வீசியது. அடுத்த அடி எப்போது வருமோ என்ற பதற்றத்தில், ஜனவரி 8 காலை, தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தைத் தவறாகச் சுட்டு வீழ்த்தினார்கள். 176 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

இதைத்தான் நான் இவ்வளவு நேரம் சொல்ல வந்தேன். விமானத்திலிருந்து மனிதனை இறக்கிவிட்டோம், கணக்கிலிருந்து இறக்கவில்லை. அவன் தரையில் இருக்கிறான். விசைப்பலகையின் முன்னால் இருக்கிறான், அலைவரிசை ஒதுக்கும் மேசையில் இருக்கிறான், கீழே அந்த நிழல் படும் ஊரிலும் இருக்கிறான். தன் பக்கத்து உயிர் போகாது என்றால் அனுப்புவது சுலபமாகிவிடும். சுலபமாகிவிட்ட காரியத்தை அடிக்கடி செய்யத் தோன்றும். அதில் ஒரு முறை தப்பினால் போதும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். கல்வானில் சீனாவோடு மோதல் நடந்த 2020-இல், கடற்படை இரண்டு எம்.கியூ.-9பி 'சீ கார்டியன்' விமானங்களை வாடகைக்கு வாங்கி ராஜாளியில் நிறுத்தியது. ரீப்பரின் வம்சத்தில் வந்தது இது. 24 மீட்டர் இறக்கை, பின்னால் விசிறி வைத்த சின்ன இன்ஜின், 40,000 அடிக்கு மேல் போகும். குளோபல் ஹாக் அளவு உயரம் இல்லை என்றாலும், நம் அரசு இதை உயரத்தில் நீண்ட நேரம் பறக்கும் வகையில்தான் சேர்க்கிறது. இந்துமாக்கடலில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று பார்ப்பது வேலை. அந்த வேலை தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் ராத்திரி நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வந்து சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனதை நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டவர்கள் நாம். காவல் இல்லாத கடல் என்ன செய்யும் என்று தெரியும்.

அந்த இரண்டில் ஒன்றுதான் 2024 செப்டம்பர் 18 அன்று கடலில் இறங்கியது. அடுத்த மாதமே, அக்டோபரில், இதே வகையில் 31 விமானங்கள் வாங்க சுமார் 32,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆயிற்று. கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் எட்டெட்டு. இவற்றில் ஆயுதமும் பொருத்தலாம். பார்க்கும் கண்ணோடு அடிக்கும் கையும் சேர்ந்து வருகிறது.

இதையெல்லாம் நடந்துகொண்டே ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ அன்னைக்கு நான் நல்லவேளைன்னு சொன்னது தப்பா சார்?" என்றார்.

"தப்பே இல்லை சார். உள்ளே நாலு பையன்கள் இருந்திருந்தால் அன்றைக்கு நம்மால் டீ குடித்திருக்க முடியுமா? ஆனால் நல்லவேளை என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்துவிட்டோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது" என்றேன்.

டியூ-142 கிளம்பினால் ஊருக்கே தெரியும். அது திரும்பி வரும் சத்தம் கேட்டால், பசங்க பத்திரமா வந்துட்டாங்க என்று என் மனைவி சொல்லுவாள். அந்தப் பையன்களில் ஒருவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இப்போது போவது எங்கள் காதுக்கே எட்டுவதில்லை, வருவதும் தெரியவில்லை. அது எங்கே போகிறது, என்ன பார்க்கிறது, என்ன செய்கிறது என்று கவலைப்பட உள்ளே ஆள் இல்லை. அதனால்தான் வெளியே இருக்கிற நாம் கொஞ்சம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.